பதினோராம் பக்கம்

கொழும்பிலிருந்து கதை வந்தது.
பதினாறு பக்கம், பக்கத்துக்கு இரண்டு வரி.
முதல் வரியிலேயே ஆறு ஓடியது,
மூன்றாம் பக்கத்தில் கரடி வந்து தண்ணீர் குடித்தது.

நான் எழுதினேன்:
இங்கே ஆறு இல்லை.
வழுக்கையாறு என்று ஒன்றுண்டு,
மாரிக்கு மட்டும் ஆறு,
மற்ற நாளில் மாடு மேயும்.
கரடியை நீங்களே வைத்திருங்கள்,
தண்ணீரை என்னிடம் விடுங்கள்.

விட்டார்கள்.
ஆனால் காலுக்குக் கீழே இருப்பதை
எப்படிக் கீறுவது?
பப்பாப்பழத்தைப் பிளப்பதுபோல்
ஒரு கிணற்றை நெடுக்காகப் பிளந்தேன்.
மேலே செம்மண், ஒரு சாண்.
அதன்கீழ் சுண்ணக்கல்,
சூத்தைப் பல்லைப்போல ஓட்டை ஓட்டையாய்.
வெள்ளை வர்ணம் அதற்கு ஒத்துவரவில்லை.
ஆறிப்போன பிளேன்ரீயில்
தூரிகையைத் தோய்த்தேன்,
கல் வந்தது.
தண்ணீருக்கு, கிணற்றை எட்டிப்பார்த்தால் தெரியும் நிறம்:
கறுப்பு, நடுவில் ஒரு துண்டு வானம்,
வானத்தைக் குறுக்கே வெட்டும் மோட்டர்ப் பைப்.

பாத்தியில் வெங்காயம்.
வரம்பில் வாய் திறந்த யூரியாப் பை.
அதிலிருந்து வெள்ளைப் பொட்டுகள்
ஓட்டைகளுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்குள்.
இது பதினோராம் பக்கம்.
எழுத்து அங்கே சொன்னது:
"தண்ணீர் எங்கள் நண்பன்."

மின்னஞ்சல்: அழகு, மிக அழகு.
இரண்டே இரண்டு சிறு திருத்தம்.
தண்ணீர் நீலமாக இருக்கட்டும்.
பை வேண்டாம், பெற்றோர் தோட்டம் செய்பவர்கள்,
மனம் நோகும்.

வாடகை கொடுக்கவேண்டிய மாதம் அது.
நீலம் பூசினேன்.
பையை அழிக்கப் பொட்டுகளும் போயின,
தாளில் கையளவு வெள்ளை மிஞ்சியது.
அதற்குள் ஒரு செண்பகத்தை நிற்க வைத்தேன்.
சிவப்புக் கண்.
உள்ளதைச் சொன்னால், நன்றாகத்தான் வந்தது.

அச்சாகி வந்த நாள்
உரும்பிராயில் ஒரு பள்ளிக்கூடம், தரம் இரண்டு,
முப்பத்தொரு பிள்ளைகள்.
ஒவ்வொரு புத்தகமும் தனித்தனிப் பொலித்தீனுக்குள்.
"மண்ணைக் காப்போம்" என்ற பின்னட்டை
அதனுள் மினுங்கியது.
முப்பத்தொரு தரம் கிழிந்த சத்தம்.
விசிறி அவற்றை வகுப்பெங்கும் மேய்த்தது.

"செண்பகம் ஏன் வெங்காயத்துக்கை நிக்குது?"
யதுசிகா. முன்பல் இரண்டும் இல்லை.
"சும்மா" என்றேன்.
"சும்மா நிக்காது. அது பத்தைக்கைதான் நிக்கும்.
இது அப்பா பை வைக்கிற இடம்."

நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.
அவள் திருப்பவில்லை.
பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டுக்
குருவிக்குப் பக்கத்தில் ஒன்றைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"புதுப் புத்தகத்திலை கிறுக்கிறதே?" ரீச்சர்.
"கிறுக்கேல்லை ரீச்சர்.
விட்டுப்போனதைப் போட்டனான்."
பிறகு, இன்று செவ்வாய் என்று சொல்வதுபோல்:
"எங்கட கிணத்துத் தண்ணி
தம்பிக்குக் குடுக்கேலாதாம்.
பி.எச்.ஐ. சொன்னவர்."

முப்பத்திரண்டாவதை உரித்து அவளிடம் கொடுத்துவிட்டு
அவளுடையதை வாங்கி வந்தேன்.
பொலித்தீன்களையும் பொறுக்கி வந்தேன்,
எங்கே போடுவதென்று தெரியாமல்.

இரவு மேசைவிளக்கில் பார்க்கிறேன்.
குருவியைவிடப் பெரிய பை.
50 கி.கி. என்று கவனமாக எழுதியிருக்கிறாள்.
நான் கீறியது வாய் திறந்திருந்தது,
இதன் வாய் சணலால் கட்டியிருக்கிறது,
இரண்டு முடிச்சு.
அவளுடைய அப்பா அப்படித்தான் கட்டுவார்போல.
எனக்கு அது தோன்றவேயில்லை.

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் ஏதும் உண்டா
என்று கேட்டிருக்கிறார்கள்.
எழுதினேன்:
பக்கம் 11.
செண்பகம் இடம்மாறி நிற்கிறது.
தயவுசெய்து பத்தைக்கு அனுப்பவும்.
அந்த இடத்தில் வரவேண்டிய படம்
இத்துடன் இணைப்பில்.
கீறியவர் பெயரை அட்டையில் போடவும்,
என் பெயருக்கு மேலே.